பிரேக் அக்காவின் வலது கால்

பிறந்தது 1974 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுநர் உரிமம் பெற்றது 1999. பயிற்சிப் பள்ளி தொடங்கியது 2002 ஜூன் 3. பள்ளியின் மொத்தச் சொத்து: வெள்ளைக் கார் ஒன்று, அதன் கூரைமேல் சிவப்புப் பலகை ஒன்று, மடக்கு நாற்காலி இரண்டு. ஆசிரியர் ஒருவர். அழைக்கப்படும் பெயர்: பிரேக் அக்கா. 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் கதவடைத்துக்கொண்ட நாள்வரை அவளிடம் பயின்று உரிமம் பெற்றவர்கள் ஆயிரத்து நூற்று ஆறு பேர். அதே நாள்வரை பயிற்சிக் காரில் விழுந்த கீறல்கள்: இல்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் அக்கா எப்போதும் முதலில் சொல்வாள். புதிதாகச் சேர வருகிறவரை அந்தக் காரைச் சுற்றி ஒரு முறை நடக்கவைப்பாள்.

"நல்லாப் பாருங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்ககிட்ட பேனாவக் குடுத்த மாதிரி, ஓட்டத் தெரியாதவங்க மட்டுமே ஓட்டின வண்டி இது. எங்கயாவது ஒரு கோடு இருந்தா விரல் வெச்சுக் காட்டுங்க."

வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். தடவிப் பார்ப்பார்கள். மூக்கின்மேல் விரலை வைப்பார்களே தவிர, காரின்மேல் விரல் வைத்துக் காட்ட ஒருவராலும் முடிந்ததில்லை.

பயிற்சிக் கார்களில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் பொருத்தியிருப்பார்கள். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் ஆசிரியர் தன் காலால் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். அது ஆபத்துக்கு. அக்காவைப் பொறுத்தவரை ஆபத்து என்பது சாவியைத் திருப்பியதுமே தொடங்கிவிடும். நூறடிக்கு அப்பால் ஒரு கோழி கழுத்தைத் திருப்பினாலும் அவள் வலது கால் அமுங்கும். கால் பழகிய பழக்கம் காரோடு நிற்கவில்லை. பேருந்தில் போனால் முன் இருக்கைக்காரரின் இடுப்பில் உதை விழும். திரையரங்கில் துரத்தல் காட்சி வந்தால், படம் முடியும்போது அவளுக்குக் கெண்டைக்கால் வலிக்கும். பிரேக் அக்கா என்ற பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தவர் நியாயமாகத்தான் வைத்திருக்கிறார்.

ஒரு மெக்கானிக் மட்டும் ஒரு நாள், காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான். "அக்கா, உங்க பக்கத்து பிரேக் ரப்பர மூணாவது தடவையா மாத்தறேன். டிரைவர் பக்கத்து ரப்பர் கடையில வாங்கின மாதிரி அப்படியே பளபளன்னு இருக்கு. உண்மையச் சொல்லுங்க, வண்டிய யார் ஓட்டறாங்க?"

"உன் வாய்க்கு ஒரு பிரேக் போட ஆள் இல்ல பாரு," என்று சிரித்துவிட்டு அக்கா அதை மறந்துபோனாள்.

ஊரடங்கு வந்தது. வெள்ளைக் கார் குடியிருப்பின் முற்றத்தில் உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. நான்கு மாடிக் கட்டடம் மூன்று பக்கமும் சூழ்ந்த சிமென்ட் முற்றம் அது. நான்காவது பக்கத்தில் இரும்புக் கதவு. அக்கா இரண்டாவது மாடியில் இருந்தாள். கைக்கு வேலை இருந்தது, வாய்க்கும் இருந்தது. வலது காலுக்குத்தான் இல்லை. வேலை இல்லாத கால் சும்மா இருக்குமா?

அவள் வீட்டுக்காரர் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவர். இப்போது சாப்பாட்டு மேசையே அலுவலகம். மேலே மடிப்புக் கலையாத சட்டை, கீழே அரைக்கால் சட்டை. ஒரு நாள் காலையில் அவர் மடிக்கணினியில் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தார். எதிரே அக்கா. கல்லூரியில் படிக்கும் மகள் கொதிக்கும் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்தபடி சமையலறையிலிருந்து சரேலென்று திரும்பினாள். மேசைக்கு அடியில் அக்காவின் வலது கால் தானாக அமுங்கியது. அங்கே பெடல் இல்லை. வீட்டுக்காரரின் பாதம் இருந்தது.

"ஐயோ!"

"என்ன சார்," என்றார் திரையிலிருந்த மேலாளர், "இன்னும் போன மாசக் கணக்கையே சொல்லல. அதுக்குள்ள அலறுறீங்க?"

அன்று முதல் வீட்டுக்காரர் மேசையடியில் காலணி அணிந்து வேலை பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழக்கிழமை மாலை. முற்றத்திலிருந்து யாரோ "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டார்கள். அக்கா மாடி முகப்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கீழே நர்ஸம்மா நின்றிருந்தாள்.

முதல் மாடியில் இருப்பவள். முப்பத்து மூன்று வயது. கணவன் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் எங்கோ நடுக்கடலில், கரையேற அனுமதியில்லாமல் நின்றது. வீட்டில் தங்கையும், வாலு என்று கட்டடமே அழைக்கும் ஆறு வயது மகளும். நர்ஸம்மாவுக்குக் காய்ச்சல் வார்டில் பணி. வேலை முடிந்து வந்தால் நேரே ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு இந்தப் பக்கம் வாலு தலையணை போட்டுப் படுத்துக்கொள்வாள். அப்படியே ஒருத்தி உள்ளேயும் ஒருத்தி வெளியேயுமாகக் கதை பேசுவார்கள். அந்தக் கதவுப் பேச்சுதான் இருவருக்கும் அன்றைய நாளின் மிச்சம்.

"என்னம்மா, கீழயே நின்னுட்டே?"

"மேல வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்க்கா. ஆஸ்பத்திரி வேன் ஞாயித்துக்கிழமையோட நிக்குது. டிரைவர் ரெண்டு பேருக்கும் காய்ச்சல். திங்கக்கிழமையிலிருந்து சொந்த வண்டியில வரணும். இல்லன்னா ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கணும்னு சொல்லிட்டாங்க. தங்கினா, இதெல்லாம் முடியற வரைக்கும் வீட்டுக்கு விட மாட்டாங்க."

"அப்போ வாலு?"

நர்ஸம்மா முற்றத்தின் ஓரத்தில் தூசு படிந்து நின்ற நீல நிறக் காரைக் காட்டினாள். கப்பல்காரரின் கார். "பாஸ் எனக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க. கூட யாரும் ஏறக் கூடாது. லைசென்ஸ் இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதான் கத்துக்குடுத்தீங்க. முதல் தடவையே பாஸ். அதுக்கப்புறம் தொட்டதே இல்லக்கா."

"சைக்கிளும் காரும் ஒருதடவ கத்துக்கிட்டா மறக்காதும்மா. இரு, செருப்பப் போட்டுட்டு வரேன். பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு சுத்து..."

"வேணாம்க்கா!" நர்ஸம்மா இரண்டடி பின்னால் போனாள். "என் பொண்ணையே நான் தொடறதில்ல. உங்களக் கூட உட்கார வெச்சுக்குவேனா? அங்கயே இருங்க. போன்ல சொல்லுங்க. நான் ஓட்டறேன்."

பதினெட்டு வருடத்தில் அக்கா இடப்பக்க இருக்கையில் உட்காராமல் எவருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் "அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்றாள்.

மறுநாள் மாலை நர்ஸம்மா வேலை முடிந்து வந்ததும் பாடம் தொடங்கியது. ஊரடங்கில் முற்றத்தில் ஓர் இலை விழுந்தாலே எல்லா மாடியிலும் தலைகள் நீளும். கார் ஓடப்போகிறது என்றால் கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு கோப்பையோடு ஆஜரானார்கள். வாயிற்காவலர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தானும் பாதுகாப்பாகப் படிக்கட்டில் ஏறி நின்றார். அக்கா கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

"கிளட்ச்ச அமுக்கு. ஃபர்ஸ்ட் கியர். ஹேண்ட் பிரேக்க இறக்கு. இப்போ மெதுவா, மெதுவா கிளட்ச்ச விடு."

நீலக் கார் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லாமல் நகர்ந்தது. தூணை ஒட்டி வளைந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தது. கோலம் வரைகிற கைபோல ஸ்டியரிங் திரும்பியது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, "யார் பிள்ளை பாத்தீங்களா?" என்றாள்.

எதிரே சுவர் வந்தது.

"போதும், பிரேக்," என்றாள் அக்கா.

கார் வந்துகொண்டே இருந்தது.

"பிரேக்... பிரேக்கும்மா... பிரேக்!"

அக்காவின் வலது கால் தரையில் ஓங்கி இறங்கியது. முகப்பில் கவிழ்த்து வைத்திருந்த வாளி படாரென்று பிளந்தது. கீழே நீலக் கார், கல்யாண வீட்டுக்கு வருகிற பெரிய மனுஷிபோல நிதானமாக ஊர்ந்து வந்து, வாயிற்காவலரின் நாற்காலியைச் சுவரோடு சேர்த்து அணைத்து, இருமி, ஆஃப் ஆனது.

ஒருவருக்கும் அடியில்லை. நாற்காலிக்கு மட்டும் இரண்டு கால்கள் போயின.

"என்னம்மா, காலு மாறிடுச்சா? ஆக்சிலரேட்டர அமுக்கிட்டியா?"

"இல்லக்கா. எதையுமே அமுக்கல. ரெண்டு காலையும் எடுத்துட்டேன்," நர்ஸம்மா கார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஏன்?"

"நீங்க பிரேக்னு சொன்னீங்கல்ல? சொன்னா வண்டி நிக்குமே! அன்னிக்கெல்லாம் நான் காலத் தூக்கறதுக்குள்ள தானா நின்னுடும். அதுதான் வண்டியோட குணம்னு நினைச்சேன்."

 பிறகு நான்காவது மாடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை மெல்லக் கேட்டார்: "அக்கா... எனக்கும் அப்படித்தானே நின்னுச்சு?"

மூன்றாவது மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். விதிமுறை என்றால் உயிரை விடுகிறவர். புதுக் கார் வாங்கி ஆறு வருடமாகப் புதிதாகவே வைத்திருப்பவர். "நானும் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. கம்பெனியிலிருந்து வண்டிய எடுத்துட்டு வந்த அன்னிக்கே தோட்டத்துக்குள்ள ஏத்திட்டேன். பிரேக் சரியில்லன்னு கம்பெனிக்கு மூணு புகார் எழுதினேன்."

"அட, அதனாலதான் இங்க எல்லா வண்டியும் உறை போட்டுத் தூங்குதா!" என்றார் வாயிற்காவலர், காலொடிந்த நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு. "நான்கூட எல்லாரும் பெட்ரோல மிச்சம் பிடிக்கறாங்கன்னு நினைச்சேன்."

ஒவ்வொரு மாடியாகச் சிரிப்பு இறங்கி வந்தது. அந்தக் கட்டடத்தில் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அக்காவின் மாணவர்கள். தேர்வு நாளிலும் ஆசிரியர்தான் பக்கத்தில் உட்காருவார். அதிகாரி வெளியே நின்று பார்ப்பார். அக்காவின் கால் அங்கேயும் சும்மா இருந்ததில்லை. தங்களுக்கு மட்டும்தான் ஓட்ட வரவில்லை என்று நினைத்து, ஆளுக்கொரு சாக்குச் சொல்லி, ஞாயிறுதோறும் காரைத் துடைத்துவிட்டு மறுபடியும் மூடிவைத்தவர்கள் இப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நீலக் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். இன்னொருத்தி உடைந்த வாளிக்குள் கால் சிக்கி நின்றாள்.

நர்ஸம்மா தன் வீட்டுக்குப் போன பிறகு அக்கா கீழே இறங்கிப் போய், வெள்ளைக் காரின் உறையைத் தூக்கி, கதவைத் திறந்து குனிந்தாள். இரண்டு பிரேக் பெடல்கள். ஒன்றில் ரப்பரின் வரிவரியான பள்ளங்கள் அப்படியே இருந்தன. மற்றது உள்ளங்கால்போல வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பின்னால் மகள் வந்து நின்றாள்.

"சொன்னாக் கோவிச்சுக்காதம்மா. ஆயிரத்து நூறு பேருக்கு நீ லைசென்ஸ் வாங்கித் தரல. நீயே ஆயிரத்து நூறு தடவ பாஸ் பண்ணியிருக்கே."

"உனக்கும் நான்தானடி கத்துக்குடுத்தேன்?"

"அதனாலதான் நான் பஸ்ல போறேன்."

அக்காவுக்குச் சிரிப்பதா, அவள் தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். பிறகு முதல் மாடியை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள். "நர்ஸம்மா! நாளைக்கு இதே நேரம். விடுதி கிடுதின்னு மூட்டையக் கட்டினே, பார்த்துக்க!"

சனிக்கிழமை மாலைக்குள் கட்டடத்திலிருந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. மளிகை வந்த பெட்டி, செருப்பு வந்த பெட்டி, தொலைக்காட்சி வந்த பெட்டி. அவற்றின் மேல் வெள்ளையாக ஒரு கோடு பூசி, முற்றத்தின் குறுக்கே நிற்க வைத்தார் வாயிற்காவலர். பெட்டியைத் தொடாமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பாடம். செயலாளர் முற்றத்தில் பயிற்சி நடத்த விதியில் இடமில்லை என்று சொல்லப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் தன் புதுக் காரின் டிக்கியைத் திறந்து, கசங்காத இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்தது என் பேரையும் எழுதிக்குங்க" என்றார்.

அன்று நர்ஸம்மா அற்புதமாக ஓட்டினாள். அக்கா "பிரேக்" என்றதும் கால் போய்ப் பெடலில் உட்கார்ந்தது. கார் நின்றது. மறுபடி. மறுபடி. எத்தனை முறை சொன்னாலும் அத்தனை முறையும் நின்றது. மாடிகளில் கைதட்டல். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கை தட்டவில்லை. ஒரு கணக்கில் கூட்டல் இடிக்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"நிக்குது. நல்லாத்தான் நிக்குது. ஆனா நேத்துவரைக்கும் காலால போட்டே. இன்னிக்கு வாயால போடறே. திங்கக்கிழமை ரோட்டுல உன் வாய் இருக்காதே."

 கலியாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் மேசையடியில் வாங்கிய உதைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் வட்டியோடு திருப்பித் தந்துவிட்டார்.

"கால வேணும்னா கட்டிப்போடலாம்," என்றாள் அக்கா யோசித்து. "வாய என்ன பண்றது?"

"அது கடவுளாலயே ஆகாதது," என்றார் வீட்டுக்காரர்.

மகள் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவுக்கு வார விடுப்பு. அன்று காலை அந்தக் கட்டடம் கண்ட காட்சி வேறெங்கும் கிடைக்காது. முகப்பில் ஒரு நாற்காலி. அதன்மேல் அக்கா, கால் இரண்டையும் மடக்கிச் சம்மணமிட்டு, கன்னம் இரண்டும் உப்ப வாய் நிறையத் தண்ணீரோடு, ஆடாமல் அசையாமல். பக்கத்தில் சொம்பும் கையுமாக வீட்டுக்காரர். கைப்பேசி இப்போது அவரிடம், ஒலிபெருக்கியில்.

கார் நகர்ந்தது. முதல் பெட்டி நெருங்கியது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் துடித்தது. அவள் வாயைத் திறக்க வேண்டுமென்றால் தண்ணீரை விழுங்க வேண்டும். காலை நீட்ட வேண்டுமென்றால் நாற்காலியிலிருந்து விழ வேண்டும். அந்த இரண்டு நொடிக்குள் கீழே மளிகைப் பெட்டி சட்டினியானது.

"அக்கா, ஏன் சொல்லல? ஏதாவது சொல்லுங்க!"

"அக்கா வாயில தண்ணி இருக்கும்மா," என்றார் வீட்டுக்காரர் கைப்பேசியில். "நீயே பாத்துக்க."

"தண்ணியா? எதுக்கு?"

"உனக்காகத்தான். சீக்கிரம் கத்துக்க. நிம்மதியா இருக்கு, எனக்குப் பழகிடப் போகுது."

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயிலிருந்த தண்ணீர் இரண்டாவது மாடியிலிருந்து தூவானமாக இறங்கி, கீழே நின்ற செயலாளரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, பயிற்சிதானே" என்றார். கட்டடமே குலுங்கியது. வாலு தன் முகப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அம்மா, இன்னொண்ணு! இன்னொரு பெட்டி!"

இரண்டாவது பெட்டியும் போயிற்று. மூன்றாவது பாதி போயிற்று. அடுத்ததற்கு முன்னால் கார் முரட்டுத்தனமாகக் குதித்து நின்றது. நர்ஸம்மாவின் தலை முன்னும் பின்னும் ஆடியது. ஆனால் நின்றது. ஒருவரும் சொல்லாமல் நின்றது.

 பிறகு கைப்பேசியில் நர்ஸம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது. "அண்ணா, அக்காகிட்ட சொல்லுங்க. இதுக்கு ஒரு அளவு இருக்கு. ஊசியில மருந்து ஏத்தற மாதிரி. குத்தினதும் ஒரே அமுக்கா அமுக்கக் கூடாது. கட்டைவிரல் மெதுவா இறங்கணும். எந்த மருந்த வேகமா ஏத்தணும், எத நிதானமா ஏத்தணும்னு கைக்கே தெரியும். இது காலுக்குத் தெரியணும். அவ்வளவுதானே?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பதினெட்டு வருடமாகத் தான் ஒருவருக்கும் சொல்லாத பாடம் அது. சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை.

அதன்பிறகு பெட்டிகள் தப்பத் தொடங்கின. மதியத்துக்குள் வாயிற்காவலர் பெட்டிகளை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தார். தூணுக்குப் பின்னால் ஒன்றை ஒளித்தும் வைத்தார். நீலக் கார் அதையும் கண்டுகொண்டு, கட்டைவிரல் இறங்குவதுபோல இறங்கி நின்றது.

திங்கட்கிழமை விடிந்தது. நர்ஸம்மா வெள்ளைச் சீருடையோடு கீழே வந்தாள். ஞாயிற்றுக்கிழமையே கட்டி வைத்திருந்த ஒரு பை அவள் வீட்டு வாசலில் இருந்தது. இரண்டு உடை, ஒரு போர்வை, பல்துலக்கி. ஓட்ட முடியவில்லை என்றால் விடுதிக்கு எடுத்துப்போக. அவள் அதை எடுக்கவில்லை.

"போன காதுல மாட்டிக்கம்மா," என்றாள் அக்கா மேலேயிருந்து. "நான் லைன்லயே இருக்கேன். பேச மாட்டேன், சும்மா இருக்கேன்."

"வேணாம்க்கா. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா என் கால் உங்க காலுக்குக் காத்துக்கிட்டே இருக்கும்." நர்ஸம்மா சிரித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே சம்மணம் போட்டாள்; யாரும் தராமலே சொம்பை எடுத்து வாயை நிரப்பிக்கொண்டாள்.

வாயிற்காவலர் இரும்புக் கதவைத் திறந்தார். நீலக் கார் முற்றத்தைக் கடந்து, வாசலை நெருங்கி, தெருவுக்குள் மூக்கை நுழைக்கப் போன அதே கணத்தில், வலப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பால்காரர். இரண்டு பக்கமும் பால் நிறைந்த பாத்திரங்கள். வெறிச்சோடிய தெருவில் இந்த நேரத்துக்கு ஒரு கார் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கையை விட்டு ஓட்டி வந்தார்.

அக்காவின் மூச்சு நின்றது.

கார் நின்றது. குதிக்கவில்லை, அமுங்கி, தணிந்து, சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. பால்காரர் திரும்பிப் பார்த்து, "போம்மா, போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று பெருந்தன்மையாகக் கையசைத்துவிட்டு, தானே முன்னால் போனார். கார் இடப்பக்கம் விளக்கைச் சிமிட்டித் திரும்பி மறைந்தது.

தெருவில் சத்தம் அடங்கிய பிறகுதான் அக்கா கவனித்தாள்: கால்கள் மடக்கியபடியே இருந்தன. வாயில் தண்ணீர் அப்படியே இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும்வரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசையடியில் கால் ஓடாததைக் கண்டு வீட்டுக்காரர்தான் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கைப்பேசி அடித்தது.

"அக்கா, வந்துட்டேன்! ரெண்டு சிக்னல்லயும் கோட்டுக்கு முன்னாடி நின்னேன். ரெண்டு சிக்னல்லயும் என்னத் தவிர ஒரு வண்டிகூட இல்ல. இருந்தாலும் நின்னேன்."

"அதான் ஓட்டறது! நிறுத்தி வெச்சது எப்படி?"

"ரெண்டு வண்டி நிக்கற இடத்துல ஒரே வண்டியா நிறுத்தியிருக்கேன். பெரிய டாக்டர் பார்த்துட்டு, கப்பலயா ஓட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர்தான் கப்பல் சார், நான் கார்தான்னு சொல்லிட்டேன்."

அன்று மாலை நீலக் கார் கட்டடத்துக்குள் நுழைந்தபோது எல்லா மாடியிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை, பேசினால் பிரேக் போட்டதாகிவிடும் என்ற பயம். கார் வளைந்து வந்து, அடையாளக் கோட்டுக்குள் மெல்ல உட்கார்ந்தது.

வாலு முதல் மாடியிலிருந்து கத்தினாள்: "அம்மா வந்தாச்சு! வண்டி தானா நின்னுடுச்சு!"

நர்ஸம்மா கதவைத் திறந்து இறங்கினாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

"தானா நிக்கலடி கண்ணு. நான் நிறுத்தினேன்."

வாசலில் கிடந்த பையைத் தங்கை பிரித்து, போர்வையை மறுபடி அலமாரியில் வைத்தாள். அன்றைக்கும் அந்த அறைக்கதவின் இரண்டு பக்கமும் கதை நடந்தது. பாதிக் கதை, ஒரு பால்காரர் எவ்வளவு பெரிய சிங்கத்தின்மேல் ஏறி வந்தார் என்பதைப் பற்றி.

அடுத்த ஞாயிறு செயலாளர் தன் காரின் உறையை எடுத்தார். அதற்கடுத்து ஆசிரியை. கட்டடத்தின் அட்டைப்பெட்டிகள் தீர்ந்து, பக்கத்துக் கட்டடத்தில் கேட்டு வாங்கும் நிலை வந்தது. அக்காவின் மகளும் ஒரு நாள் பேருந்து ஓடத் தொடங்கும்வரை காத்திருக்க முடியாதென்று கீழே இறங்கினாள். அக்கா நாற்காலியில் சம்மணமிட்டபடி இருந்தாள். நாள் போகப் போகத் தண்ணீர் இல்லாமலே வாய் மூடியிருக்கப் பழகியது. இதைத்தான் தன் வாழ்நாளின் பெரிய லாபம் என்று வீட்டுக்காரர் மேலாளரிடம் சொன்னதாகச் செய்தி.

தடைகள் தளர்ந்து பள்ளி மறுபடி திறந்தபோது, அக்கா பழையபடி இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்துப் பெடல் அங்கேயேதான் இருந்தது, ஆபத்துக்கு. புதிதாக வருகிறவர்களைக் காரைச் சுற்றி நடக்கவைப்பதையும் அவள் விடவில்லை. சொல்வது மட்டும் கொஞ்சம் மாறியது.

"நல்லாப் பாருங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஆள் இருக்காங்க. அவங்க எல்லாரும் இன்னிக்கு ரோட்டுல தைரியமா ஓட்டறாங்க."

மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "என்னக்கா, டிரைவர் பக்கத்து ரப்பர் தேஞ்சிருக்கு?"

"மாத்து," என்றாள் அக்கா. "அதுக்குத்தான் வந்தேன்."

2021 டிசம்பர் 31 வரை பள்ளி பற்றிய குறிப்பு: ஊரடங்குக்குப் பின் சேர்ந்தவர்கள் எண்பத்து நான்கு பேர். தேர்வில் முதல் முறை தவறியவர்கள் பத்தொன்பது பேர். பழைய மாணவர்களில் திரும்பி வந்து படித்தவர்கள் இருநூற்று அறுபது பேர். பயிற்சிக் காரில் விழுந்த கீறல்கள்: ஏழு.